நேத்து சாப்பிட்ட கோழி

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு அந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் கதவை ஒரு கரண்டி தட்டியது.

கரண்டியின் மறு முனையில் அண்ணி. சமையலறையைப் பூட்டி சீல் வைத்தவர்கள் அவள் கையில் இருந்ததைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். நேற்றிலிருந்து அதைக் கீழே வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"பதினோரு வருஷமா நூத்தி நாப்பது பேருக்கு ஆக்கிப் போட்ட கை இது. விஷம் வெச்சவள்னு நெத்தியில எழுதாத குறைதான். உங்க அண்ணன் வீட்டுல தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ என்னடான்னா இங்க கோழிப் பீயைக் கிளறிக்கிட்டு இருக்கே!"

நாத்தனார்க்காரி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் 'கோழி டாக்டர்' என்று பெயர். கோழிக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை. கிருமி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆறு வருஷமாக இறைச்சிக் கடை, மாட்டுப் பண்ணை, வாய்க்கால் என்று அலைந்து ஒரே ஒரு கிருமியைத் துரத்திக்கொண்டிருந்தாள். கேம்பைலோபாக்டர். சொன்னால் பல் சுளுக்கிக்கொள்ளும் என்று சக டாக்டர்கள் கேலி செய்வார்கள். "இன்னிக்காவது உன் ஆளு சிக்கினானா?" என்று டீ குடிக்கும் இடத்தில் அவளைக் கேட்காதவர் கிடையாது.

"முதல்லேருந்து சொல்லுங்க, அண்ணி."

அண்ணி சொன்னாள். விளையாட்டு வீரர்கள் தங்கிப் பயிற்சி எடுக்கும் விடுதி அது. திங்கட்கிழமை ராத்திரி கோழி போட்டாள். செவ்வாய் விடிந்ததும் ஒவ்வொருவராகச் சுருண்டார்கள். காய்ச்சல், குடலைப் பிழியும் வலி, ரத்தம் கலந்த பேதி. மத்தியானத்துக்குள் ஐம்பத்து மூன்று பேர். சாயங்காலத்துக்குள் சமையலறைக்கு சீல். சனிக்கிழமை நாலு மணிக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் அவளுடைய உரிமம் நிரந்தரமாக ரத்து. அதற்குப் பிறகு எந்த சமையலறையிலும் அவள் பெயரில் அடுப்பு எரியாது.

"அதிகாரி என்ன விசாரிச்சாரு?"

"பெரிய விசாரணை! எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஒரே கேள்வி. நேத்து என்ன சாப்பிட்டே? அவ்வளவுதான். கோழி, கோழின்னு எல்லாம் கூவுச்சுங்க."

கோழி டாக்டர் கையில் இருந்த பேனா நின்றது.

"நேத்துன்னா கேட்டாரு?"

"பின்னே? வயித்தைக் கலக்கினா நேத்து சாப்பிட்டதைத்தானே கேப்பாங்க? போன தீபாவளிக்குத் தின்னதையா கேப்பாங்க?"

வாஸ்தவம்தான். உலகத்தில் எல்லா அம்மாவும், எல்லா டாக்டரும், எல்லா அதிகாரியும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அவள் துரத்திக்கொண்டிருக்கும் ஆள் நேற்று நுழைந்து இன்று கலாட்டா செய்கிற ரகம் இல்லை. உள்ளே வந்து இரண்டு நாள் முதல் ஐந்து நாள் வரை குடலில் சத்தம் போடாமல் குடித்தனம் நடத்துவான். பிறகுதான் வேலையைக் காட்டுவான்.

மேஜையில் அவர்கள் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையே கிடந்தது. நேற்று விடிந்ததும் முதலில் படுத்தவர்களின் மலப் பரிசோதனை: 'கிருமி எதுவும் வளரவில்லை.' கிருமி வளர்க்கும் வழக்கமான தட்டு, வழக்கமான முப்பத்தேழு டிகிரி, வழக்கமான இருபத்து நாலு மணி நேரம். வழக்கத்துக்கு அடங்காதவன் அதில் எப்படி முளைப்பான்?

அவள் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆய்வுக்கூடத்தின் தலைவர், ரிட்டையராக எட்டு மாதம் பாக்கி.

"சார், அந்த விடுதிக் கேஸை நான் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. சமையலறை எங்க அண்ணியோடது. அதனால மாதிரிகளுக்கு எண் நீங்களே போடுங்க. எது எதுன்னு எழுதின பட்டியல் உங்க பூட்டுக்குள்ள இருக்கட்டும். எனக்குத் தெரியவே கூடாது."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அண்ணிக்கு எதிராவே வந்தா?"

"வந்தா வந்ததுதான் சார்."

"வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாதும்மா."

"ஆய்வுக்கூடத்துலயே படுத்துக்கறேன்."

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு விடுதியின் வராந்தாவில் இருந்தாள். பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. பூட்டைக் கண்டால் அரக்கும் நூலும் எடுக்கிறவர் என்பதால் ஊரார் வைத்த பெயர் 'சீல் சார்'. கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர்.

"மேடம், இந்த அம்பத்து மூணு பேர்ல பத்தொன்பது பேர் கறியே தொடாதவங்கன்னு எனக்கும் தெரியும்," என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "கோழி வெட்டின கத்தியிலயே வெள்ளரிக்காயும் வெட்டியிருப்பாங்க. அதுல ஒட்டியிருக்கும். எத்தனை சமையலறை பார்த்திருக்கேன்!"

மனிதர் முட்டாள் இல்லை. அதுதான் சிக்கல்.

"சரி சார். நான் ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?" அவள் கட்டிலில் சுருண்டிருந்த ஓட்டக்காரப் பெண்ணிடம் குனிந்தாள். "நேத்து வேண்டாம்மா, முந்தாநாளும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்ததுலேருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு? தண்ணி, மருந்து, சூயிங்கம், ஒண்ணு விடாம சொல்லு."

பெண் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை கேன்டீன் கிடையாதுக்கா, லீவு. காலையில மைதானம். அப்புறம் பால்."

"என்ன பால்?"

"கோச் கொடுத்தாரே. பண்ணையிலேருந்து வாளியில வந்துச்சு. கறந்த சூட்டோட."

"காய்ச்சினதா?"

அந்தப் பெண் வலியிலும் சிரித்தாள். "காய்ச்சினா சத்து போயிடுமாம்."

சீல் சாரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

அடுத்த மூன்று மணி நேரத்தில் நூற்று நாற்பது பேரையும் கேட்டு முடித்தாள். பால் குடித்தவர்கள் அறுபத்திரண்டு பேர். அதில் படுத்தவர்கள் ஐம்பத்தொன்று. குடிக்காத எழுபத்தெட்டுப் பேரில் படுத்தவர்கள் இரண்டே பேர்.

பயிற்சியாளர் மைதானத்தில் இருந்தார். கழுத்தில் தொங்கும் விசிலே அவருடைய பெயரும்கூட. கேள்வியைக் கேட்டதும் 'விசில்' எகிறினார்.

"என் பாலைக் குறை சொல்றீங்களா? நானும்தான் குடிச்சேன்! அதே வாளி, அதே டம்ளர், ரெண்டு தடவை! எனக்கு ஒரு ஏப்பம்கூட வரலையே!"

"எத்தனை வருஷமா பச்சைப் பால் குடிக்கிறீங்க, சார்?"

"நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து!"

"அதான். உங்க உடம்புக்கு இவன் பழைய சிநேகிதன். தினம் தினம் பாத்துப் பழகிடுச்சு, எதிர்க்கத் தெரியும். இந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க எப்பலேருந்து கொடுக்கறீங்க?"

விசிலின் குரல் இறங்கியது. "இந்த ஞாயித்துக்கிழமைதான்... முதல் தடவை."

"சார், கணக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் சீல் சார் திரும்பும் வழியில், மேடத்தை சார் ஆக்கியதுகூடத் தெரியாமல். "ஆனா கணக்கை வெச்சு நான் சீலை எடுக்க முடியாது. ஆளைப் பிடிச்சுக் காட்டுங்க. சனிக்கிழமை நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் என் கையில இல்லை."

வியாழன் காலை பால் கறக்கும் நேரத்துக்கு இருவரும் பண்ணையில் இருந்தார்கள். பண்ணைக்காரம்மா சொம்பு நிறையப் பால் நீட்டினாள். கோழி டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பால் வடிகட்டும் துணியைக் காட்டினாள்.

"அதையும் கொடுங்கம்மா."

"பாலை விட்டுட்டுத் துணிக்கு ஆசைப்படற முதல் ஆள் நீதான்," என்றாள் பண்ணைக்காரம்மா.

"இவன் பால்ல கூட்டமா நீந்த மாட்டான்," என்று கோழி டாக்டர் சீல் சாருக்கு விளக்கினாள். "அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருப்பான். ஆனா அத்தனை பாலும் வடிஞ்ச துணியில மொத்தமா மாட்டிக்கிட்டுக் கிடப்பான்."

எட்டு நோயாளிகளின் மாதிரி, பால், துணி, சீல் வைத்த சமையலறையின் காய்கறிப் பலகையைச் சுரண்டியது, அதன் குளிர்பெட்டியில் இருந்த பச்சைக் கோழி. மொத்தம் பன்னிரண்டு. பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு எண் போட்டுக் கொடுத்தார். மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த கரி நிறத் தட்டுகளில் அவள் ஒவ்வொன்றையும் கோடாக இழுத்து முடித்தாள்.

அடுத்தது காற்று. இந்தக் கிருமிக்குக் காற்று இல்லாமலும் ஆகாது, நிறைய இருந்தாலும் ஆகாது. காற்றைக் குறைக்கும் பாக்கெட் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி ஸ்டோரில் தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கேட்டால் "ஃபைல் நகருது" என்பார்கள்.

அவள் எதிர் டீக்கடைக்குப் போய் ஒரு பெரிய பிஸ்கட் ஜாடியோடு திரும்பினாள். தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு குட்டை மெழுகுவர்த்தி ஏற்றி, மூடியை இறுக்கி, சுற்றிலும் மெழுகு பூசினாள். சுடர் ஆடியது. சிறுத்தது. நீலமாகி அணைந்தது.

"என்ன மேடம், பிறந்தநாளா?" என்றார் சீல் சார்.

"மெழுகுவர்த்தி மூச்சு முட்டிச் செத்துடுச்சுல்ல? அந்த இடத்துலதான் இவன் ராஜா."

நாற்பத்திரண்டு டிகிரி. கோழியின் உடம்புச் சூடு. அவளுடைய பழைய சிறு சூட்டுப் பெட்டியில் ஜாடியை வைத்துக் கதவை மூடியபோது வியாழன் மத்தியானம் சரியாக ஒரு மணி.

"சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் யாரும் ஜாடியைத் திறக்கக் கூடாது. காத்துப் பட்டா காரியம் கெட்டது."

எல்லோருக்கும் சொன்னாள். ஒருவரைத் தவிர. அவர் அன்று லீவு.

அட்டெண்டரை ஆய்வுக்கூடத்தில் 'மணிக்கூண்டு' என்பார்கள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மேலே எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்து, தட்டு வைத்து இருபத்து நாலு மணி நேரம் ஆனதும் எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் முளைக்காவிட்டால் நேராகக் கீழ்த்தளம். எல்லாவற்றையும் ஆவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஒரு நாள், ஒரு நிமிஷம் பிசகியது இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்று ஐந்துக்கு, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கோழி டாக்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெப்பமானி மட்டும் இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் புரிந்தது.

இரண்டு மாடிப் படி. செருப்பு ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கீழ்த்தளத்தில் ஆட்டோகிளேவ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, அதன் வாயில் நின்ற மணிக்கூண்டின் விரல்கள் ஜாடியின் மூடியில் இருந்தன.

"அண்ணே! கையை எடுங்க!"

மணிக்கூண்டு அப்படியே உறைந்தார். "ஒண்ணும் முளைக்கலை மேடம். இருபத்து நாலு மணி ஆச்சு. பாத்துட்டேன்."

"திறந்து பாத்தீங்களா, கண்ணாடி வழியா பாத்தீங்களா?"

"கண்ணாடி வழியாத்தான். மெழுகைச் சுரண்டலாம்னு இப்பத்தான்..."

அவள் ஜாடியைப் பிள்ளையை வாங்குவதுபோல வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மெழுகு உடையவில்லை. ஜாடியில் இன்னும் சூடு இருந்தது.

"அண்ணே, இதுக்கு நாப்பத்தெட்டு மணி. முதல் நாள் ஒண்ணுமே தெரியாது."

மணிக்கூண்டு விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்போ இருபத்தெட்டு வருஷமா நான் அவிச்சதுல..."

"எத்தனை தடவை இவன் நம்ம கையிலயே இருந்தானோ! விடுங்க. இன்னிக்குத் தப்பிச்சோம்."

மேலே ஜாடியைத் திரும்ப வைத்ததும் மணிக்கூண்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பெரிய டாக்டர் வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு மணி. சின்ன அறையில் மூச்சு விட இடமில்லை. சீல் சார், கக்கத்தில் ஃபைல். விசில். பெரிய டாக்டர், பையில் பட்டியல். அண்ணி கதவோரமாக, யார் கண்ணையும் பார்க்காமல்.

"நீங்களே திறங்க," என்று கோழி டாக்டர் ஜாடியை சீல் சார் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மெழுகைக் கீறினார். தட்டுகள் வெளியே வந்தன. கரி நிறத்தில், இழுத்த கோட்டின் வழியாகவே, தண்ணீர் தெளித்த மாதிரி பளபளவென்று சாம்பல் நிறப் பொட்டுகள்.

"இவனா?" என்றார் சீல் சார் மெதுவாக.

அவள் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். அதிகாரி குனிந்தார். துள்ளி நிமிர்ந்தார்.

"ஓடுது மேடம்! திருகாணி மாதிரி சுத்திக்கிட்டு ஓடுது!"

ஆறு வருஷக் கேலியை அவள் அந்த ஒரு வார்த்தைக்கே மன்னித்துவிட்டாள்.

ஒன்பது தட்டில் முளைத்திருந்தது. பெரிய டாக்டர் பட்டியலைப் பிரித்துப் படித்தார். "ஒண்ணுலேருந்து எட்டு, நோயாளிகள். ஏழு பேருக்கு இருக்கு. ஒன்பது, பால். இல்லை. பத்து, வடிகட்டின துணி. இருக்கு."

விசில் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"பதினொண்ணு..." பெரிய டாக்டர் தயங்கினார். "சமையலறைப் பச்சைக் கோழி. இருக்கு. பன்னிரண்டு, பலகை. இல்லை."



"அப்போ என் கோழிதானா?" அண்ணியின் குரல் அவளுடையதாகவே இல்லை. "நான்தானா அந்தப் பிள்ளைங்களை..."

சீல் சார் ஃபைலைத் திறந்தார். "மன்னிச்சுக்குங்க மேடம். கோழியிலயும் இருக்கு, துணியிலயும் இருக்கு. எதுலேருந்து வந்ததுன்னு சொல்ல முடியாதபோது நான் சீலை எடுக்க முடியாது."

"மணி என்ன சார்?"

"ஒண்ணு இருபது."

"நாலு மணி வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. கையெழுத்துப் போடாதீங்க." அவள் சோதனைக் குழாய்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். "பச்சைக் கோழியில இவன் இருக்கறது ஆச்சரியமே இல்லை. கடையில பத்துக் கோழி வாங்கினா பாதிக்கு மேல இருப்பான். வெந்தா செத்தான். ஆனா இவனுக்குப் பங்காளி ஒருத்தன் உண்டு. ஒரே குடும்பப் பேரு, ஒரே முகம், நுண்ணோக்கியில பாத்தா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம். ஒரு மருந்தைக் கொடுத்தா ஒருத்தன் ஜீரணம் பண்ணுவான். அதுல இன்னொரு மருந்தை ஒரு சொட்டு விட்டா ஊதாவா மாறும். பங்காளிக்கு அது ஜீரணம் ஆகாது. நிறம் மாறாது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும். குழாய்க்கு அடையாளம் நீங்க போடுங்க. எது கோழி, எது துணின்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

சீல் சார் குழாய்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். தட்டிலிருந்து எடுத்துக் கரைக்கப் பெரிய டாக்டரே கூடப் போனார். எழுத்து ஒட்டி, கலைத்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதிகாரி திரும்பியபோது ஒன்று முப்பத்தைந்து.

இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. விசில் ஒரு தடவை அண்ணியிடம் போய், "தங்கச்சி, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கும் அப்படித்தானே அண்ணே," என்றாள் அண்ணி. 

மூன்று முப்பத்தைந்து. ஒன்பது குழாயிலும் ஒவ்வொரு சொட்டாக விட்டாள்.  

மூன்று நாற்பது. ஒன்றும் இல்லை.

மூன்று நாற்பத்திரண்டு. முதல் குழாயின் அடியில் ஊதா கசிந்தது. மூன்றாவது. நான்காவது. கத்தரிக்காய்த் தோல்போல அடர்ந்து ஒவ்வொன்றாக நிறம் ஏறியது. மணிக்கூண்டு வாய்விட்டு எண்ணினார். "அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு!"

ஒரே ஒரு குழாய். ஏழாவது. வெறும் தண்ணீர்போல நிறமில்லாமல் அப்படியே நின்றது. மூன்று நாற்பத்தைந்து ஆனது. மாறவில்லை.

"ஏழாவதுல என்ன எழுத்து?" என்றாள் கோழி டாக்டர்.

"க," என்றார் பெரிய டாக்டர்.

சீல் சார் தாளைப் பிரித்தார். ஒரு முறை படித்தார். சந்தேகத்துக்கு மறுபடி படித்தார். பிறகு மேஜையை ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"க, பச்சைக் கோழி! மத்த எட்டும் ஏழு பிள்ளைங்களும் துணியும்!"

"பிள்ளைங்க வயித்துல இருக்கறவனும் பண்ணைத் துணியில இருக்கறவனும் ஒரே ஆளு," என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உயர்ந்துகொண்டே போனது. "கோழியில இருந்தவன் பங்காளி. அவன் ஒருத்தர் வயித்துலயும் இல்லை. பலகையிலயும் இல்லை. குடிச்சவங்க கணக்கும் இதையேதான் சொல்லுது. மரபணுச் சோதனைக்கும் அனுப்பறேன், அது வர ஒரு வாரம் ஆகும். ஆனா இந்த ரெண்டும் ஒண்ணா சொல்றபோது சமையலறையைப் பூட்டி வைக்க உங்களுக்குக் காரணமே இல்லை சார்."

சீல் சார் ஃபைலில் இருந்த உத்தரவைக் குறுக்கே கிழித்தார். புதுத் தாள் எடுத்து நின்றபடியே எழுதினார்: சமையலறை மீது குற்றமில்லை, பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் வழங்க உடனடித் தடை. கையெழுத்து. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல," என்றார், "வெச்ச சீலை நானே போய் ஒரேயடியாப் பிரிக்கறது இதுதான் முதல் தடவை. வாங்கம்மா, ஜீப்ல ஏறுங்க."

அண்ணி நகரவில்லை. நாத்தனாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஆறு வருஷமா உன்னைக் கோழிப் பீ கிளறறவள்னு ஊரெல்லாம் சொன்னேனேடி."

"அதைத்தானே கிளறினேன் அண்ணி. கிளறினதாலதானே பங்காளியை அடையாளம் தெரிஞ்சுது!"

பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "திங்கட்கிழமையிலேருந்து வயித்துப்போக்குன்னு சோதனைக்கு எது வந்தாலும் நாப்பத்தெட்டு மணி நேரம். என் கையெழுத்தோட சுற்றறிக்கை போகும். யோவ் மணிக்கூண்டு, கேட்டுச்சா?"

"நாப்பத்தெட்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால எவன் தொட்டாலும் கையை உடைப்பேன் சார்!"

விடுதி வாசலில் ஜீப் நின்றபோது கட்டிலை விட்டு எழுந்திருக்க முடிந்த அத்தனை பேரும் வராந்தாவில் இருந்தார்கள். சீல் சார் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். அரக்கு உடைந்து தரையில் சிதறியது. கைதட்டல் கூரையை முட்டியது. விசில், உள்ளதெல்லாம் திரட்டி, நீளமாக ஒரு ஊதல் ஊதினார்.

அண்ணி கதவைத் தள்ளி உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். திரும்பிப் பார்த்தால் அதிகாரி, பயிற்சியாளர், ஆராய்ச்சியாளர் என்று ஒரு பெரிய மனிதர் கூட்டமே வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"என்ன வேடிக்கை? ராத்திரிக்கு நூத்தி நாப்பது பேருக்கு ஆகணும். சீல் சார், அந்த மூட்டையிலேருந்து வெங்காயம் உரிங்க. விசில் அண்ணே, தண்ணி கொதிக்க வைங்க. ஏய் கோழி டாக்டர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாடி!"

மூவரும் ஓடினார்கள்.